ஆறாத் துயரும் ஆற்றும் பாட்டும்: கண்ணகி வழக்குரை பற்றிய ஒரு நோக்கு

கண்ணகி கதையைப் பொருளாகக் கொண்ட ஆய்வுகள் பலவும் கற்பு, ஊழ், அரசியல் அறம் ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்துள்ளன. பதிகம் வகுத்துத்தந்த பாதை அது. ஆயின், கணவனை இழந்த ஒரு பெண்ணின் துயரம் எவ்வாறு ஒரு நாட்டின் நோயாகின்றது, அந்நோய் எதனால் தணிகின்றது என்னும் வினாவை முன்வைத்து இக்கதையை நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்குமிடத்து, சிலப்பதிகாரமும் கிழக்கிலங்கையின் கண்ணகி வழக்குரையும் ஒரே துயருக்கு இருவேறு மருந்துகளைக் கூறுவது புலனாகும்.

சிலப்பதிகாரத்திலே துயரம் வெப்பமாக உருமாறுகின்றது. துன்பமாலையிற் கதிரவனை நோக்கித் தன் கணவன் கள்வனோ எனக் கேட்கும் கண்ணகி, ஊர்சூழ்வரியில் மதுரையை நோக்கிக் கேட்கத் தொடங்குகின்றாள். இவ்வூரிற் பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உண்டோ என அவ்வினாக்கள் தொடர்கின்றன. பெண்டிரை முதலிலும் தெய்வத்தை இறுதியிலும் வைத்த இவ்வரிசை மனங்கொள்ளத்தக்கது. விடை கிடையாத வினாக்களே பின்னர் அழலாகின்றன. மதுரை எரிந்ததோடு அவ்வெப்பம் அடங்கிவிடவில்லை. பாண்டிநாடு மழையின்றி வறுமையுற்று, வெப்புநோயும் குருநோயும் தொடர்ந்தன என உரைபெறு கட்டுரை கூறும். ஒரு பெண்ணின் உடலில் எழுந்த வெம்மை, நகரின் தீயாகிக் குடிகளின் காய்ச்சலாகப் பரந்தது என்பதே காப்பியம் காட்டும் நோய்வரலாறு.

இந்நோய்க்கு அரச மரபு கண்ட மருந்து யாது? கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் களவேள்வியிற் பலியிட்டுச் சாந்தி செய்ததும் மழை பெய்து நோய் நீங்கியது என்று அதே உரைபெறு கட்டுரை சொல்கிறது. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன்; அதனை ஆராயாது தீர்ப்பளித்தவன் அரசன். இறந்தவர்களோ வழக்கிற் சம்பந்தப்படாத ஆயிரவர். பிறர் குருதியாற் செய்த இச்சாந்தியைக் காப்பியம் எவ்விதக் கூச்சமுமின்றிப் பதிவு செய்கின்றது.

காப்பியத்தின் இறுதிப் பகுதியில் துயரம் ஆண்களிடத்தும் பெண்களிடத்தும் வேறுவேறு வழியிற் செல்வதும் அவதானிக்கத்தக்கது. கோவலனின் தந்தையும் கண்ணகியின் தந்தையும் துறவு பூணுகின்றனர். இருவரின் தாய்மாரோ துயர் தாளாது இறந்துபடுகின்றனர். அடைக்கலம் அளித்த மாதரி தீயிற் புகுகின்றாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கின்றார். பெண்களில் மாதவியும் அவள் மகளுமே துறவின் வழியில் எஞ்சுகின்றனர். ஆணின் துயரத்துக்குச் சமயம் ஒரு புகலிடமாகின்றது; பெண்களிற் பெரும்பாலோருக்குத் துயரமே முடிவாகின்றது. கண்ணகிக்கு இமயக் கல்லும் கோயிலும் கிடைக்கின்றன. ஆனால், வாழ்த்துக் காதையிலே தெய்வமாகத் தோன்றும் அவள், பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறுகின்றாள். அவள் தெய்வமானதற்குச் செலுத்திய விலை, தன் வழக்கைத் தானே திரும்பப் பெற்றமையாகும்.

இவ்விடத்திலேயே கிழக்கிலங்கை மரபு வேறு வழியிற் செல்கின்றது. கஜபாகு மன்னன் இலங்கையிற் கண்ணகிக்குக் கோயில் எடுத்தான் எனச் சிலப்பதிகாரமே குறிப்பிடும். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாடாக வேரூன்றிய இம்மரபைக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளிவந்த தமது பெருநூலில் விரிவாக ஆராய்ந்தார். தமிழர் பகுதிகளில் இதன் இலக்கிய வடிவமாக நிலைத்ததே கண்ணகி வழக்குரை. ஏட்டிலும் கோயிலிலும் வழங்கிய அதனை 1968இல் வி. சீ. கந்தையா பதிப்பித்தார். தம்பிலுவில், காரைதீவு முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களில் நிகழும் சடங்கின்போது இந்நூல் படிக்கப்படும். கொலைக்களக் காதை, உயிர்மீட்புக் காதை, வழக்குரைத்த காதை எனச் சென்று குளிர்ச்சிக் காதையில் நூல் முடிகின்றது. சடங்கும் குளிர்த்தியோடு நிறைவெய்தும். நீரும் மஞ்சளும் வேப்பிலையும் அங்கு முதன்மை பெறுவன. மதுரையை எரித்து வந்தவளை ஆயர்குலத்தவர் குளிர்வித்தனர் என்பது அம்மரபின் நம்பிக்கை. காப்பியத்திலே தீயிற் புகுந்த மாதரியின் குலம், இங்கே தீயைத் தணிக்கும் குலமாகின்றது. அரசனின் மருந்து குருதி. குடிகளின் மருந்து நீர்.

இக்குளிர்த்தியின் பொருளைத் தமிழ்ச் சொல்வழக்கே விளக்கும். சூடான சோறு ஆறுகின்றது, புண் ஆறுகின்றது, மனமும் ஆறுகின்றது. தீ, காய்ச்சல், சினம், துயரம் ஆகிய நான்கிற்கும் தணிதல் என்னும் ஒரு வினையே போதுமானதாக உள்ளது. அம்மை என்பது தாயையும் நோயையும் ஒருங்கே குறிக்கும். 'அம்மாள் வருத்தம்' என்று நம்மவர் கூறும்போது வருந்துவது நோயாளியா, தெய்வமா என்பதைச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் ஒழிந்த பின்னரும் குளிர்த்தி நிகழ்கின்றது. எனவே, இதனைக் கொள்ளைநோய்க் காலத்து அச்சத்தின் எச்சமாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. இப்பாடல் தணிக்க முற்படுவது உடலின் வெப்பத்தை மட்டுமன்று.

குளிர்த்தி பெண்ணின் நீதியான சினத்தை அடக்கும் ஓர் உபாயமே என ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், நூலின் ஒழுங்கு இதற்கு ஒரு விடை தருகின்றது. வழக்குரைத்த பின்னரே குளிர்ச்சி வருகின்றது. கொலையும் வழக்கும் ஊரார் செவியில் ஆண்டுதோறும் மீளவும் உரைக்கப்படுகின்றன. காப்பியத்தின் தெய்வம் வழக்கைத் திரும்பப் பெற்றாள். கோயிலின் தெய்வமோ ஒவ்வோர் ஆண்டும் வழக்குரைக்கின்றாள். கேட்டவர்களே குளிர்விக்கும் உரிமை பெறுகின்றனர். கேளாமல் ஆற்ற முற்படுதல் வாயடைத்தலேயாம்.

எனினும், இம்மரபின் வரம்பையும் மறைத்தலாகாது. பெண்ணின் துயரத்தைப் பாடுவோர் இங்கு ஆண்களான கட்டாடிமாரே. பெண்களுக்கு உரியது பெரும்பாலும் குரவையொலி மட்டுமே. மனைவி என்னும் நிலையில் நின்று எழுந்த துயரமே தெய்வத்தன்மை பெற்றது. மாதவியின் துயரத்துக்குக் குளிர்த்தி இல்லை. கணவனை இழந்த தெய்வத்தின் முன் ஊர் கூடி வணங்குகின்றது. கணவனை இழந்த பெண்ணையோ மங்கலச் சடங்குகளிலிருந்து அதே சமூகம் ஒதுக்கிவந்தது. அவளுக்கு எஞ்சியது ஒப்பாரி ஒன்றே. தன் வழக்கைத் தன் வாயால் உரைக்கும் பாட்டாக ஒப்பாரி இருந்தும், நம் இலக்கிய வரலாறுகளில் அது நாட்டார் பாடல் என்னும் சிறுதலைப்பினுள் அடங்கிவிட்டது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த பெண்கவிஞர் தொகுதி 'சொல்லாத சேதிகள்' எனப் பெயர் பெற்றமை தற்செயலன்று. சடங்கின் துணையின்றி, தெய்வமாகாமலே, பெண் தன் வழக்கைத் தானே உரைக்கத் தொடங்கியதன் அடையாளமாக அத்தலைப்பைக் கொள்ளலாம்.

இவ்வாய்வு ஏட்டோடு முடிவதன்று. கடல்நீரில் விளக்கெரியும் என்னும் நம்பிக்கையால் அறியப்பட்ட வற்றாப்பளைக் கண்ணகி கோயில் நந்திக்கடலின் ஒரு கரையில் உள்ளது. 2009 மே மாதத்திற் போரின் இறுதி நாட்கள் கழிந்த முள்ளிவாய்க்கால் அதே நீர்ப்பரப்பின் மறுபுறத்தில் உள்ளது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் 2017இல் வடக்கின் தெருவோரங்களிற் படங்களை ஏந்தி அமர்ந்தனர். அவர்களை நோக்கி நடந்ததை மறந்து ஆறுதல் கொள்ளுமாறு கூறுவோர் கண்ணகி வழக்குரையின் காதை வரிசையை ஒருமுறை நோக்குதல் தகும். வழக்குக் கேட்கப்படாத இடத்திற் குளிர்ச்சிக் காதைக்கு இடமில்லை.