அப்டன் பார்க்: வெஸ்ட் ஹாமின் பழைய மைதானம்

போலின் மைதானம் என்பது வெஸ்ட் ஹாம் யுனைடெட் கழகத்தின் பழைய கால்பந்து மைதானம். கிழக்கு லண்டனில், பார்க்கிங் சாலையும் கிரீன் தெருவும் சந்திக்கும் முனைக்கு அருகே அது இருந்தது. ரசிகர்கள் அதை அப்டன் பார்க் என்றே சொல்வார்கள். 1904 முதல் 2016 வரை 112 ஆண்டுகள் கழகம் அங்கே ஆடியது.

மைதானத்தின் அழகே அதன் நெருக்கம்தான். கிழக்குப் பக்கத்தில் 1960களின் இறுதிவரை 'சிக்கன் ரன்' என்ற மரக் கேலரி இருந்தது. கோட்டோரம் பந்தை எறிய வரும் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே ரசிகர்கள் நிற்பார்கள்; திட்டினாலும் பாராட்டினாலும் அவர் காதில் விழும். தடகளப் போட்டிகளுக்கென அமைந்த, கழகத்தின் இன்றைய ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கத்தில் அந்த நெருக்கம் கிடைக்காது. அப்டன் பார்க்கில் ஆட்டத்துக்கு முன் சோப்புக் குமிழிகள் மிதக்க, கழகத்தின் குமிழிப் பாட்டை அரங்கமே சேர்ந்து பாடும்.

பார்க்கிங் ஊரில் 1941இல் பிறந்த பாபி மூர் இந்த மைதானத்தில் வளர்ந்த ஆட்டக்காரர். 1966இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் தலைவர் அவர்தான். அந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் நான்கு கோல்களையும் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் இருவரும் அதே கழகத்தினர். ஓர் ஊர் மைதானத்துக்கு இதைவிடப் பெரிய பெருமை இல்லை. கோப்பையோடு மூரைச் சக ஆட்டக்காரர்கள் தோளில் தூக்கியிருக்கும் சிலை 2003இல் அந்தச் சாலை முனையில் எழுந்தது.

2016 மே 10 அன்று அங்கே நடந்த கடைசி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்றது வெஸ்ட் ஹாம். வின்ஸ்டன் ரீட் தலையால் முட்டிய கோல்தான் வெற்றி கோல். பின்னர் மைதானம் இடிக்கப்பட்டு, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.