பெயர் சூட்டிய உத்திகள்

1988இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் ஆறாவது கணக்கு இது: இரு மிகை முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். அவற்றின் பெருக்கற்பலனோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் அந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகையை வகுங்கள். மீதியின்றி வகுபட்டால் ஈவு ஒரு முழு வர்க்கமாகவே இருக்கும் என்று நிறுவுக.

கலந்துகொண்ட 268 பேரில் 11 பேருக்குத்தான் முழு மதிப்பெண் கிடைத்தது. அந்த ஆண்டு தங்கம் வென்று, 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற டெரன்ஸ் டாவோவுக்கே இதில் ஏழுக்கு ஒன்றுதான்.

இன்று நன்றாகப் பயிற்சி பெற்ற பதினொன்றாம் வகுப்பு மாணவி இதைப் பார்த்ததும் ‘வியட்டா ஜம்பிங்’ என்பாள். ஈவு வர்க்கமல்ல என்று வைத்துக்கொண்டு, அதே ஈவைத் தரும் இணைகளில் கூட்டுத்தொகை மிகச் சிறியதாக வருவதை எடுப்பாள். இணையின் ஓர் எண்ணை மாறியாகக் கொண்டால் வரும் இருபடிச் சமன்பாட்டின் இன்னொரு மூலம் அதைவிடச் சிறிய இணையைத் தரும் என்று காட்டி, முரண்பாட்டில் முடிப்பாள். நிரூபணத்தில் குற்றமில்லை. ஆனால் அந்த 11 பேர் செய்த வேலை வேறு. இவள் செய்தது வேறு. அவர்கள் வழியைக் கண்டுபிடித்தார்கள், இவள் அடையாளம் கண்டுகொண்டாள். பயிற்சி மையங்கள் கற்றுத்தருவது பெரும்பாலும் இந்த அடையாளம் காணும் திறனைத்தான். உத்திக்கு ஒரு பெயர், அதன்கீழ் இருபது கணக்குகள், பிறகு மாதிரித் தேர்வு.

இதனால் ஒலிம்பியாட் பயிற்சியே வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்றே தெரியாத கணக்கைப் பள்ளிக்கூடம் தருவதில்லை. சர்வதேச ஒலிம்பியாடிலோ நாலரை மணி நேரத்துக்கு மூன்றே கணக்குகள். நுண்கணிதம் தேவையில்லை. வெற்றுத்தாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சிறிய எண்களைப் போட்டுப் பார்த்து, தோற்று, மறுபடி தொடங்கும் பழக்கம் பதினைந்து வயதில் வாய்ப்பது பெரிய கொடை.

அந்தக் கொடையை நம் முதல் சுற்றே பறிக்கிறது. இந்தியாவில் ஒலிம்பியாடுக்கான கணிதத் தகுதித் தேர்வான ஐஓக்யூஎம்மில் மூன்று மணி நேரத்துக்கு 30 கேள்விகள், கேள்விக்கு ஆறு நிமிடம். விடை 0 முதல் 99 வரை ஒரு முழு எண், நிரூபணம் கேட்பதில்லை. எண்ணற்றோர் எழுதும் தேர்வை வேறு எப்படித் திருத்துவது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நிரூபணம் இல்லாத ஊகம் ஏமாற்றும்: வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து எல்லா நாண்களையும் வரைந்தால் கிடைக்கும் பகுதிகள் அதிகபட்சம் 1, 2, 4, 8, 16 என்று போகும். ஆறாவது புள்ளிக்கு 32 வராது, 31தான். ஏன் என்று கேட்காமல் வரிசையை நம்பிப் பழகிய பிள்ளை, அடுத்த சுற்றில் ‘நிறுவுக’ என்ற சொல்லின் முன் திணறுகிறது. 1994, 1995 இரண்டு ஆண்டும் சர்வதேச ஒலிம்பியாடில் தங்கம் வென்ற கணிதவியலாளர் மரியம் மிர்சாகானி, தான் மெதுவாகச் சிந்திப்பவர் என்றே சொல்லிவந்தார். அப்படிப்பட்டவரை ஆறு நிமிடக் கேள்விகள் முதலிலேயே வெளியேற்றிவிடக்கூடும்.

மாதிரித் தேர்வின் 30 கேள்விகளில் ஒன்றையாவது முழு நிரூபணமாக எழுதச்சொல்லி, ஆசிரியர் வரிவரியாகப் படித்து, எந்த வரி முந்தைய வரியிலிருந்து வரவில்லை என்று சுட்ட வேண்டும். அதற்கு ஒரு மாணவருக்கே அரை மணி நேரம் பிடிக்கும். நூறு பேர் உட்காரும் வகுப்பில் எளிதில் கிடைக்காதது அந்த அரை மணி நேரம்தான்.