காகிதப்பூ மாலை

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்பு தாவும் நிலையில் நிற்கும் குதிரை 30 அடிக்கும் மேல் உயரம். மாசிமகத்தன்று அதன் கழுத்திலிருந்து தரைவரை காகிதப்பூ மாலைகள்தான், ஆயிரக்கணக்கில் விழும். அத்தனை நீளத்துக்கு மல்லிகையில் கட்டினால் யாருக்குக் கட்டுப்படியாகும்? வெயிலிலும் வாடும்.

எங்கள் அப்பாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாலை, போர்க்குழாயில் தண்ணீர் வந்தால் ஒரு மாலை என்று நேர்ந்துகொண்டே இருக்கும். சாமியிடம் பாக்கி வைக்காது. மாலை வாங்குவதில் மட்டும் படு கறார்: ரோஸ், மஞ்சள், பச்சை மூன்றும் வேண்டும், ஜிகினா வேண்டும், சாயம் கையில் ஒட்டக் கூடாது. “அய்யா தூரத்துலேர்ந்தே பாக்கணும்ல” என்னும். சாமிக்குக் கண் மங்கலா என்று கேட்ட எனக்கு விபூதியோடு ஒரு குட்டும் கிடைத்தது.