நுரையும் வெண்ணெயும்

திருக்குர்ஆனின் 13-ஆம் அத்தியாயமாகிய ‘அர்ரஃது’, தன் 17-ஆம் வசனத்தில் இரு நுரைகளைக் காட்டுகின்றது. ஒன்று வெள்ளத்தின் மேல் மிதப்பது. மற்றொன்று அணிகலனோ கலமோ செய்ய உலோகத்தை உருக்குங்கால் மேலெழுவது. இரண்டிற்கும் அரபியில் ‘ஸபத்’ என்பதே சொல். தமிழிலோ முன்னது நுரை, பின்னது கசடு. இரண்டையும் நுரையென்றே பெயர்த்தால் உலைக்களம் வாசகர் கண்ணுக்குத் தோன்றாது.

நம் கவிஞருட் சிலர் இவ்வுவமையைக் கொண்டு உலகமே நுரையென்று பாடுவது பொருந்தாது. அங்கே நுரையாவது பொய், உலகன்று. மக்களுக்குப் பயன்படுவது பூமியில் தங்கும் என்பதன்றோ வசனத்தின் கருத்து! வெண்ணெயைக் குறிக்கும் ‘ஸுப்த்’, சாரத்தைக் குறிக்கும் ‘ஸுப்தா’ என்பனவும் அதே வேரினின்று பிறந்தவையே. பயனை மறந்து நிலையாமையை மட்டும் பாடுவோர், நுரையை அள்ளி வெண்ணெயை விட்டவராவர்.