சைத்தானும் ஒரு பெயரும்

ராபர்ட் ஜான்ஸன் என்ற ப்ளூஸ் பாடகன் 1938-இல் மிஸிஸிப்பியில் இறந்தபோது வயது 27. டெக்ஸாஸில் 1936-லும் 1937-லும் பதிவு செய்த 29 பாட்டுக்களும், சில புகைப்படங்களுமே மிச்சம். ஓடும் படத்தில் அவன் இல்லவே இல்லை. அப்படிப்பட்டவனைப் பற்றி, 'தி ஸர்ச் ஃபார் ராபர்ட் ஜான்ஸன்' என்று 1991-இல் ஒரு டாக்குமெண்டரி எடுத்திருக்கிறார்கள். ஆளில்லாமல் என்ன படம் என்ற சந்தேகத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன்.

நாற்சந்தியில் சைத்தானுக்கு ஆத்மாவை விற்று வித்தையை வாங்கினான் என்ற கதையை இவர்களும் விடவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. ஐக் ஸிம்மர்மன் என்ற கித்தார்க்காரரிடம் உட்கார்ந்து பழகியவன் அவன். ராத்திரி ராத்திரியாகச் சாதகம் பண்ணியவனுடைய பெருமையைச் சைத்தானுக்குக் கொடுப்பானேன்?

ஆனால் பாடகர் ஜான் ஹாமண்ட், ஜான்ஸனை நேரில் அறிந்த முதியவர்களைத் தேடிப் போகிறாரே, அங்கே படம் உயிர் பெறுகிறது. கூடவே ஊர் சுற்றிய ஜானி ஷைன்ஸ் பேசுகிறார். பழைய காதலியான ஓர் அம்மாளுக்கு 'லவ் இன் வெயின்' பாட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். முடிவில் ஜான்ஸன், "வில்லி மே" என்று கூப்பிடுகிறான். அந்த அம்மாளின் பெயர்தான். அரை நூற்றாண்டு கழித்து அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்க்கவிட்டிருக்கலாம்.