குருதியா, ஸனதா? – ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்தை முன்வைத்து

பண்டைய மருத்துவத்தையும் இன்றைய மருத்துவத்தையும் ஒரே மர்மக் கதையில் பிணைக்க முயன்ற தமிழ்த் திரைப்படங்களுள் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய ‘ஏழாம் அறிவு’ (2011) குறிப்பிடத்தக்கது. பல்லவ இளவரசராகச் சித்திரிக்கப்படும் போதிதர்மர் சீனம் சென்று ஒரு கிராமத்தின் கொள்ளைநோயைத் தீர்க்கிறார். மருத்துவமும் தற்காப்புக் கலையும் கற்பிக்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே நோய்க்கிருமி சென்னையில் பரப்பப்படுகிறது. மரபணுப் பொறியியல் மாணவி சுபா, போதிதர்மரின் வழித்தோன்றலான அரவிந்தின் உடலில் உறங்கும் அறிவை எழுப்பி நாட்டைக் காக்க முனைகிறாள்.

முன்னோர் அறிவை மறந்தோம் என்னும் இப்படத்தின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த அறிவு எங்கே இருக்கிறது என்ற வினாவுக்கு அது தரும் விடை ஏற்புடையதன்று. அறிவு குருதியில் ஓடுகிறது என்கிறது படம்.

இவ்விடையைப் படமே மறுத்துவிடுவது வியப்பு. போதிதர்மரின் உடல் தம் மண்ணில் புதைக்கப்பட்டால் நோய் அண்டாது என்று நம்பிய கிராமத்தார் அவருக்கு நஞ்சிட்ட உணவை அளிக்கின்றனர். மருத்துவரின் ஆற்றலை அவர் கற்பித்த கல்வியில் தேடாமல் அவர் உடலில் தேடிய பேதைமை அது. சுபாவின் ஆராய்ச்சியும் வேறு சொற்களில் அதே பேதைமையைத்தான் செய்கிறது. மேலும், வில்லன் டோங் லீ நோக்கு வர்மத்தில் வல்லவன். அவன் போதிதர்மரின் வம்சத்தவன் அல்லன். கற்றதனால் அக்கலை அவனுக்கு வாய்த்தது. கற்றவன் கையில் கலை இருக்க, பிறந்தவன் கையில் ஒன்றுமில்லை என்பதே கதை தன்னை அறியாமல் சொல்லும் உண்மை.

வரலாற்றையும் ஈண்டு நோக்க வேண்டும். போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன ஆவணம், 6ஆம் நூற்றாண்டில் யாங் சுவான்ஜி எழுதியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அவரைத் தென்னிந்தியர் என்பது தான்லின் என்பாரின் குறிப்பு. அவருடைய பெயரால் வழங்கும் உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டினது என்பது ஆய்வாளர் முடிவு. புனைகதைக்கு உரிமை உண்டு. அதனை வரலாறென்று பெருமிதம் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

தொலைந்த மருத்துவ அறிவு மீண்டு வந்த மெய்யான மர்மக் கதை ஒன்று உண்டு. இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்திற்கு நடுச்சுவரின் துளைகள் வழியே இரத்தம் செல்கிறது என்பது காலனின் கொள்கை. இமாம் இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு விரிவுரை எழுதிய இப்னுந் நஃபீஸ் (இறப்பு 1288) அதை மறுத்தார். இரத்தம் நுரையீரல் வழியாகவே செல்கிறது என எழுதினார். காலப்போக்கில் அக்கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவீ என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் அதனைக் கண்டெடுத்தார். இப்னுந் நஃபீஸின் சந்ததியை எவரும் தேடவில்லை. ஏட்டைப் பிரித்துப் படித்தார்கள்.

நம் கல்வி மரபு இதனை நன்கறியும். இமாம் மாலிக், நாஃபிஉ, இப்னு உமர் என்னும் அறிவிப்பாளர் வரிசையை முஹத்திஸ்கள் ‘பொற்சங்கிலி’ எனப் போற்றுவர். நடுவில் நிற்கும் நாஃபிஉ, இப்னு உமரின் விடுதலை பெற்ற அடிமை; மகன் அல்லர். பெற்றதைப் பழுதின்றி ஒப்படைத்த நம்பகமே அவரை அவ்விடத்தில் நிறுத்தியது. ஸனது குலம் பார்ப்பதில்லை. அறிவைப் பிறப்போடு முடிச்சிடும் எண்ணத்தால் தமிழ் மண்ணில் எத்தனை பேருக்குக் கல்வி மறுக்கப்பட்டது என்பதை நினைத்தால், இப்படத்தின் மரபணுக் கருத்து வெறும் கற்பனை என்று கடந்துபோக முடியாது. மக்கா சென்று யாகோபு ஆனார் எனச் சித்தர் மரபு சொல்லும் இராமதேவரின் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களை எல்லாச் சமயத்தாரும் கற்றார்கள்.

2020இல் கொரோனா பரவியபோது தமிழக அரசு வழங்கிய கபசுரக் குடிநீரும் எவருடைய குருதியிலிருந்தும் வரவில்லை. மருந்துச் சரக்குகள் ஏட்டில் எழுதப்பட்டிருந்தன. எழுதியதை வைத்தியர்கள் கைமாற்றி வந்தார்கள். அதன் பயனைச் சோதித்தறிவது இன்றைய ஆய்வின் கடமை. பழமையும் புதுமையும் சந்திக்க வேண்டிய இடம் அதுவே.

முத்தாபுதுப்பேட்டையிலோ காயல்பட்டினத்திலோ நம் வீட்டுப் பெட்டியில் பழைய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று கிடக்குமாயின், அதனைக் கறையான் அரிக்குமுன் படியெடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் சேர்ப்பதே முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதை.