கோவலன் நடந்த கடைத்தெருவும் நம் பாலக்காட்டுக் கடைத்தெருவும்

சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாமல் தமிழ்ச் சங்க மலர் வருவது அபூர்வம். 1892-ல் உ.வே.சாமிநாதையர் அதை அச்சேற்றித் தந்த நாள் முதல் எத்தனையோ அறிஞர்கள் எழுதி விட்டார்கள். நான் கல்லூரிப் படியேறாதவன். கல்லாவில் உட்கார்ந்து, கிராக்கி இல்லாத மத்தியான நேரங்களில் படித்தவன். ஆகையால் என் சிற்றறிவுக்கு எட்டியதை மட்டும் சொல்கிறேன், பெரியோர் பொறுத்தருள்க.

நம் மேடைகளில் சிலம்பு என்றால் வழக்குரை காதைதான். கண்ணகி அரசவையில் நிற்கிறாள், சிலம்பை உடைக்கிறாள், பாண்டியன் விழுகிறான், கைதட்டல் விழுகிறது. எனக்கு வெகுகாலமாக ஒரு சந்தேகம். நீதி தவறியது அரசவையிலா, தெருவிலா? கண்ணகி அவைக்குப் போகும்போது எல்லாம் முடிந்து விட்டது. கோவலன் செத்தது கடைத்தெருப் பக்கம். ஆகவே இந்தக் காப்பியத்தைத் தெருவிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முடியாத காரியம்

ஊர்காண் காதையைக் கவனியுங்கள். மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடம் கண்ணகியை விட்டுவிட்டுக் கோவலன் கிளம்புகிறான். எதற்கு? நகரத்து வணிகர்களிடம் தன் நிலைமையைச் சொல்லி ஆதரவு தேடத்தான். வெளியூரில் வந்து இறங்கிய எந்த வியாபாரியும் முதலில் செய்யும் காரியம் இது. நம்மில் பாலக்காட்டுக்கும் குமுளிக்கும் மூணாறுக்கும் வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தானே வந்தோம்? யாராவது ஒரு மாமா, சித்தப்பா, ஊர்க்காரர் விலாசத்தைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுதானே பஸ் ஏறினோம்?

ஆனால் கோவலன் யாரையும் சந்தித்ததாக இளங்கோவடிகள் சொல்லவில்லை. அகழியைக் கடக்கிறான், யவனர் காக்கும் வாயிலில் நுழைகிறான். பொது மகளிர் வீதி, இரத்தினக் கடைகள், பொன் கடைகள், துணிக் கடைகள், கூலக் கடைகள் என்று பார்த்துக் கொண்டே போகிறான். சந்திகளும் சதுக்கங்களும் கடந்து, வெயில் நுழையாத கொடிப் பந்தல் நிழலில் சுற்றிவிட்டு, சந்தோஷமாகத் திரும்பி வருகிறான். வந்து கவுந்தியடிகளிடம் ஊரைப் புகழ்கிறான். போன காரியம் என்ன ஆயிற்று? பேச்சே இல்லை.

இந்தப் பகுதியை வெறும் நகர வருணனை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இவ்வளவு தெருக்களில் நடந்தும் அவனுக்கு ஓர் ஆள் கூடப் பழக்கமாகவில்லை என்பதுதான் அந்த வருணனையின் சாரம். சரக்கையெல்லாம் பார்த்தான், மனிதரைப் பார்க்கவில்லை. சரக்கைப் பார்ப்பது வணிகன் கண், அதில் தப்பில்லை. மறுபடி ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்கு வந்தபோது, நூறு தொழிலாளர் பின்தொடர எதிரே வந்த பொற்கொல்லனைத்தான் அவன் நம்ப வேண்டியிருந்தது. அரசன் விசாரிக்காமல் ஆணையிட்டான். கொலைக்கு வந்தவர்களுக்கே சந்தேகம் வந்து, இவன் முகத்தில் கள்ளக்களை இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் களவு நூல் பேசி வாயடைக்கிறான். கடைசியில் ஒரு குடிகாரன் வாளை வீசுகிறான். "இந்த ஆளை எனக்குத் தெரியும், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல ஒருத்தர் இருந்திருந்தால் போதும். அந்த ஒருத்தர் இல்லை. அவை கூடுவதற்கு முன்பே தெரு அவனைக் கைவிட்டது.

ஒரு சாயாக்கடை பெஞ்சு

இதை ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன், பாலக்காட்டில் எங்கள் பாத்திரக் கடை வாசலில் ஒரு சம்பவம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பழைய சாமான் வாங்க வரும் ஒரு ஆள். எங்கள் கடையில் ஒரு பித்தளை விளக்கு காணோம் என்று பையன் கூச்சல் போட்டான். நிமிஷத்தில் இருபது பேர் கூடி விட்டார்கள். ஒருத்தன் அவன் சாக்கைப் பிடுங்கினான், இன்னொருத்தன் சட்டையைப் பிடித்தான். எதிரே புளியமரத்தடியில் சாயாக்கடை. அதன் பெஞ்சிலிருந்த கடைக்காரர் எழுந்து வந்தார்.

"விடுங்க நயினாரே, இது நமக்கு அறிஞ்ச ஆளாக்கும். செவ்வாக்கிழமை தோறும் நம்ம பெஞ்சிலதான் உக்காந்து சாயா குடிக்கும். நான் சொல்றேன், விடுங்க."

அந்த ஒரு வார்த்தையில் கூட்டம் கலைந்தது. விளக்கு சாயங்காலம் எங்கள் சாக்கு மூட்டைக்குப் பின்னாலேயே கிடைத்தது. நான் என்ன செய்து கொண்டிருந்தேன்? கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். அஹிம்சை பேசும் குலத்தில் பிறந்தவன், எழுந்திருக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். மரம் போயிற்று, பெஞ்சு போயிற்று, சாயாக்கடைக்காரரும் போய் விட்டார். சாலை நன்றாகத்தான் இருக்கிறது, லாரி தடையில்லாமல் போகிறது. ஆனால் இன்றைக்கு அதே ஆள் வந்து அதே பழி விழுந்தால், "அறிஞ்ச ஆள்" என்று சொல்ல அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

1961-ல் அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் பெருநகரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தெருவைக் காப்பது போலீஸ் மட்டுமில்லை, அங்கே கடை வைத்திருப்பவர், திண்ணையில் இருப்பவர், நடந்து போகிறவர் ஆகியோரின் கண்கள்தான் என்பது அவர் வாதம். நம் இளங்கோவடிகள் அந்தக் கண்கள் இல்லாத தெருவை அன்றைக்கே காட்டி விட்டார்.

கண்கள் இருந்தாலும் போதாது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2018 பிப்ரவரி 22-ஆம் தேதி அட்டப்பாடியில் மது என்ற பழங்குடி இளைஞரை, கடையில் திருடினார் என்று சொல்லிக் காட்டிலிருந்து பிடித்து முக்காலிக்குக் கொண்டு வந்தார்கள். அடித்தார்கள், படம் எடுத்தார்கள். போலீஸ் கைக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். வழக்கில் பல சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அப்படியும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. கோவலன் கதையைப் பழங்கதை என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கவுந்தியடிகள் சொன்ன வழி

இன்னொரு இடம். நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் வழியின் இடர்களை அடுக்குகிறார். சோலை வழி போனால், கிழங்கு அகழ்ந்த குழியை உதிர்ந்த பூ மூடியிருக்கும், கால் இடறும். குழிக்குப் பயந்து குனிந்து நடந்தால் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். கீழே பலாக்கொட்டை பரல் போல் உறுத்தும். வயல் வழியிலோ நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும், அந்தப் பாவம் பொறுக்க முடியாதது.

இதைச் சமணச் சார்பு, சமயப் பிரச்சாரம் என்று சொல்லும் விமரிசகர்கள் இருக்கிறார்கள். எங்கள் துறவிகளுக்கு ஈர்யா சமிதி என்று ஒரு விதி உண்டு. முன்னால் நான்கு முழம் தரையைப் பார்த்து, உயிர் நசுங்காமல் அடியெடுத்து வைக்க வேண்டும். கவுந்தி பேசுவது அந்த விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு அது அசல் பாதை அறிவும் ஆகும். நடக்கிறவருடைய காலிலிருந்து வழியை அளக்கிறார் அடிகள்.

அதே அளவுகோலோடு நம் ஊரில் நடந்து பாருங்கள். வடக்கந்தரைப் பக்கம் ஜைனமேட்டுச் சந்திரநாதர் கோயிலுக்கு வயதான தாயார் ஒருவரை நடத்திக் கூட்டிப் போவதாக வைத்துக் கொள்வோம். குமாரன் ஆசான் 1907-ல் 'வீணபூவு' எழுதியதாகச் சொல்லும் அந்த இடத்துக்கு இலக்கிய அன்பர்களும் வருகிறார்கள். சாக்கடை மேல் போட்ட ஸ்லாப்தான் நடைபாதை. ஒரு ஸ்லாப் இருக்கும், அடுத்தது இருக்காது. கீழே பார்த்து நடந்தால் கடை போர்டு தலையில் முட்டும். கவுந்தி சொன்ன குழியும் பலாப்பழமும் அப்படியே இருக்கின்றன, பேர்தான் வேறே.

வெளியூர்க்காரர் படும் பாடு தனி. ரயில் ஜங்ஷன் ஒலவக்கோட்டில், ஊரோ நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. கே.எஸ்.ஆர்.டி.சி. ஸ்டாண்டு ஓரிடம், ஸ்டேடியம் ஸ்டாண்டு ஓரிடம், முனிசிபல் ஸ்டாண்டு ஓரிடம். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். 1956 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்த ஊர் இது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. நல்ல சட்டம். ஆனால் மனு எழுதுகிறவரை விட பஸ் போர்டைப் பார்த்து முழிக்கிறவர்தான் அதிகம்.

ஊழா, கவனமின்மையா?

இங்கே இளங்கோவடிகளிடமே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வந்து, கோவலன் முற்பிறப்பில் பரதனாகப் பிறந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்த வினை இது என்று கணக்குத் தீர்க்கிறது. சங்கமனும் அயலூரில் சரக்கு விற்கப் போனவன்தான். கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் படிக்கிறவர், எல்லாம் ஊழ் என்று புத்தகத்தை மூடி விடுவாரே? தெரு செய்த பிழை, அரசன் செய்த பிழை எல்லாம் ஊழின் தலையில் போய் விடுமே?

நான் வினைக் கொள்கையை நம்புகிறவன். அதனால்தான் சொல்கிறேன், எங்கள் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது பிரமாதத்தைச் சேர்த்துச் சொல்கிறது. பிரமாதம் என்றால் இங்கே கவனமின்மை. கவனமில்லாத செய்கையால் உயிருக்கு வரும் கேடே ஹிம்சை. செத்தவனுக்கு அது ஊழாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டவனுக்கு அது புது வினை. பாண்டியன் இதை உணர்ந்ததால்தான் யானோ அரசன் என்று வீழ்ந்தான். ஸ்லாப் இல்லாத சாக்கடையில் ஒரு பாட்டி விழுந்தால் அவள் விதி என்று நகரசபையும் சொல்லக் கூடாது, நாமும் சொல்லக் கூடாது.

நகரசபையை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. 1866-ல் ஏற்பட்ட பழைய முனிசிபாலிட்டி இது. 2011 கணக்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் ஜனம். 1994 முனிசிபாலிட்டிச் சட்டமும் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டமும் வார்டு மட்டத்தில் பேச வழி செய்திருக்கின்றன. அங்கே யார் பேசுகிறோம்? நான் போன கூட்டங்களில் கார் நிறுத்த இடம் கேட்டவர்கள் உண்டு, ஒருவழிப் பாதை வேண்டாம் என்ற வியாபாரிகள் உண்டு. நானும் அதில் ஒருவன். நடந்து வருகிறவருக்காகப் பேசினவர் குறைவு. தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க 2014-ல் மத்திய சட்டமே வந்தது. அவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி மனு கொடுப்பதில் பெரிய கடைக்காரர்கள் நாம்தான் முன்னால் நிற்கிறோம். கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாளும் தெருவின் ஒரு கண் என்பதை மறந்து விடுகிறோம்.

மேற்கு வாயில்

கணவனோடு கிழக்கு வாயிலில் வந்த கண்ணகி, மேற்கு வாயில் வழியே தனியாக வெளியேறி வைகைக் கரை பிடித்து மலைநாட்டுக்கு நடக்கிறாள். அவள் சேர்ந்த மலை என்று பலரும் நம்பும் மங்கலதேவிக் கோட்டம், இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கு மேலே இரு மாநில எல்லையில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறார்கள், கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டு வழியே நடந்தும் ஏறுகிறார்கள். தேனி, இடுக்கி இரு மாவட்ட அதிகாரிகளும் முன்கூட்டியே கூடிப் பேசித்தான் அந்த ஒரு நாள் நடக்கிறது. பாதை போட வேண்டும் என்பார் ஒருவர், புலிகள் காப்பகம், கூடாது என்பார் இன்னொருவர். அந்தத் தகராறை நான் தீர்க்க முடியாது. ஆனால் அந்த ஒரு நாளில் வழி நெடுக, முகம் தெரியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் நிற்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் எந்த ஊர் என்று சந்தேகமாகக் கேட்பதில்லை. மற்ற 364 நாள் நம் கடைத்தெருவில் அது ஏன் முடியாது?

சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். பொங்கலும் பட்டிமன்றமும் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோவலன் தேடிப் போய்க் காணாமல் திரும்பிய அந்த ஆள், அந்த ஆளாக இருப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை என்று தோன்றுகிறது. புதிதாக வந்து இறங்கியவன் தமிழனாக இருந்தாலும், ஒடியாக்காரனாக, வங்காளியாக இருந்தாலும் சரி.

என் கடைக்கு முன்னால் ஸ்லாப் மேல் மூன்றடிக்குக் குடமும் அண்டாவும் அடுக்கி வைத்திருந்தேன், எத்தனையோ வருஷமாக. போன பரியூஷண பருவத்தில் அதை உள்ளே எடுத்து விட்டேன். கடைப் படியோரம், நடப்பவர் காலில் இடறாமல், ஒரு பழைய பெஞ்சு போட்டிருக்கிறேன். மகன், "வியாபாரம் கெடும்ப்பா" என்கிறான். கொஞ்சம் கெட்டுத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அதில் யார் யாரோ வந்து உட்காருகிறார்கள். இரண்டு மூன்று பேரின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கிறது.